எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்?



பள்ளிக்கூடம் திறந்து, புத்தகங்களுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி முடித்திருப்பீர்கள். ஜூன் மாதம் நமக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஃபீஸ், வேன், டியூஷன் என்றே இருக்கும். இந்த முறை அசோக் நகர் வாசகி ஒருவரின் கடிதம் தனித்து நின்றது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளுக்கு வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்களாம். வரிசையாகச் சில புத்தகங்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கதை’, ‘தகவல்’ என்று இரண்டு கட்டங்கள். எதில் சேரும் என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். மளமளவென்று அடித்துக்கொண்டே வந்தவள், அசோகரைப் பற்றிய படப் புத்தகத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“அம்மா, அசோகர் நெஜமாவே இருந்தவர்தானே? ஆனா இந்த புக்ல அவரு மந்திரிகிட்ட என்ன பேசினாருன்னு போட்டிருக்கே, அதை யாரு பக்கத்துல நின்னு கேட்டாங்க?”

எந்தக் கட்டத்தில் டிக் போடச் சொல்வது என்று அந்தத் தாய் நம்மிடம் கேட்டிருக்கிறார்.

அம்மா, டிக் எந்தக் கட்டத்தில் விழுந்தாலும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு பிள்ளைக்கு வாசிப்பில் என்ன வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனோ அது உங்கள் மகளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. இந்த மாதப் பக்கத்தை அவள் கேள்விக்காகவே எழுதுகிறேன்.

எது கற்பனை, எது நிஜம் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொப்புச் சாமானில் மண்ணைப் போட்டுக் கிளறி, “சோறு ரெடி, சாப்பிடுங்க” என்று நீட்டுகிற நான்கு வயதுக் குழந்தையைப் பாருங்கள். நாம் நிஜமாகவே அதை வாயில் போடப் போனால் பதறிப்போய்க் கையைத் தட்டிவிடும். விளையாட்டில் அவர்களுக்குக் குழப்பமே கிடையாது. அச்சில் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது. கதையும் தகவலும் ஒரே மாதிரித் தாளில், ஒரே மாதிரி எழுத்தில், அதே பளிச்சென்ற படங்களோடு வந்து நிற்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை பிரித்துப் பார்க்கத் தடுமாறினால் அதில் ஆச்சரியம் இல்லை.

வகுப்பில் சில அடையாளங்கள் சொல்லித் தருகிறார்கள். விலங்கு பேசினால் கதை. போட்டோ இருந்தால் தகவல். பொருளடக்கம், படக்குறிப்பு, கடைசியில் அருஞ்சொல் பட்டியல் இருந்தால் தகவல். கதையை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும், தகவல் புத்தகத்தை நடுவில் திறந்தும் வாசிக்கலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இவை நல்ல கைப்பிடிகள். ஆனால் ரொம்ப தூரம் கூட வராது. நம் தமிழ்ப் பாடத்திலேயே ‘தன்வரலாறு’ எழுதச் சொல்வது நெடுநாள் வழக்கம். மழைத்துளி ஒன்று தன் கதையைத் தானே சொல்வதாக நீங்களும் எழுதியிருப்பீர்கள். கடலில் ஆவியாகி, மேகமாகி, குடகு மலையில் விழுந்து, காவிரியாக ஓடி, பூம்புகாரில் மறுபடியும் கடலில் கலந்துவிடும். மழைத்துளி பேசாது. ஆனால் அது சொல்லும் நீர்ச்சுழற்சி அத்தனையும் அறிவியல். விலங்கு பேசினால் கதை என்ற விதி இங்கே கைவிட்டுவிடுகிறது. போட்டோ விதியோ, போனில் நாலு வார்த்தை தட்டினால் மெரினாவில் டைனோசர் நடக்கிற படத்தை அச்சு அசலாகச் செய்து கொடுக்கும் இந்தக் காலத்தில் செல்லவே செல்லாது.

அடையாளங்கள் போதாமல் போவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. அவசரத்தில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிற சுருக்கம்: கதை என்றால் பொய், தகவல் என்றால் உண்மை. வீட்டில் நாமும் இதைத்தான் சொல்கிறோம். இதனால் இரண்டு கெடுதல் நடக்கிறது. கதை வாசிப்பது நேர விரயம் என்று பிள்ளை நினைக்கத் தொடங்குகிறது. அதைவிட மோசம், ‘கதை இல்லை’ என்று யாராவது சொல்லிவிட்டால் அதில் இருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடுகிறது.

தாகம் எடுத்த காக்கையை எடுத்துக்கொள்வோம். பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், காக்கை கூழாங்கல்லாகப் பொறுக்கிப் போடுகிறது, தண்ணீர் மேலே வருகிறது. ஈசாப்பின் பெயரில் வழங்கும் இந்தக் கதை நம் பிள்ளைகள் முதன்முதலில் கேட்கிற கதைகளில் ஒன்று. 2009-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளின் முன்னால் கண்ணாடிக் குழாயில் எட்டாத ஆழத்தில் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு புழு, பக்கத்தில் கற்கள். பறவைகள் கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்துவிட்டன. பெரிய கல்லைப் போட்டால் சீக்கிரம் வேலை முடியும் என்பதையும் கண்டுகொண்டன.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. “பாத்தியா, கதை உண்மைதான்” என்று முடித்துவிடாதீர்கள். சோதனை நடந்தது ரூக் என்ற வேறு இனத்தில். நம் மொட்டை மாடியில் வந்து உட்காரும், கழுத்துச் சாம்பல் நிறமான வீட்டுக் காக்கையில் அல்ல, அண்டங்காக்கையிலும் அல்ல. ஈசாப் காலத்துக் காக்கை அப்படிச் செய்ததை யாரும் பார்த்து எழுதியதாகவும் தெரியாது. கதை சொன்னவர் காக்கையின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனித்திருப்பார், மீதியைக் கற்பனை செய்திருப்பார். ஆய்வாளர்களோ பார்த்து, அளந்து, மறுபடி செய்து பார்த்து எழுதினார்கள். கதையிலும் ஆய்விலும் பறவை ஒரே மாதிரிதான் கல் போடுகிறது. எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அந்தச் சிறுமி கேட்டதும் இதுதான். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போகும் என்று சொன்னால் பாட்டி கதை மாதிரி இருக்கிறது, அது நடப்பது. அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று சொன்னால் பறவை நூல் தகவல் மாதிரி இருக்கிறது, அப்படி ஓர் அன்னத்தை யாரும் பார்த்ததில்லை. சொல்லும் தோரணையை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது.

இனி அசோகர்.

அசோக் நகர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள வாசலிலேயே ஒரு பொருள் நிற்கிறது. கண்டக்டர் ‘பில்லர், பில்லர்’ என்று கூவும் இடத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் தூண் உச்சியில் சிங்கங்கள். தினமும் அதைக் கடந்துதான் போகிறோம், நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், போக்குவரத்துச் சுறுசுறுப்பாவதற்கு முன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும். நாணயத்தில் எத்தனை சிங்கம் என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று. பிறகு தூணை வெவ்வேறு பக்கத்தில் இருந்து பார்த்து எண்ணச் சொல்லுங்கள். நான்கு. நாணயத்தில் நான்காவது சிங்கம் பின்னால் மறைந்திருக்கிறது. படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும் என்பதை எட்டு வயதில் இப்படிக் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டால் மறக்காது.

அடுத்து, பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி, இந்தத் தூணை அசோகரே நட்டாரா என்பது. இல்லை. நம் தூண் நம் காலத்தில் கட்டியது. இதற்கு மூலமான சிங்கத் தலை, வாரணாசிக்குப் பக்கத்தில் சாரநாத்தில் 1904-05-இல் எர்டெல் என்ற பொறியாளர் நடத்திய அகழ்வில் மண்ணுக்கடியிலிருந்து வெளியே வந்தது. ஏழடி உயரம். இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்று அதுவே நாட்டின் சின்னமாயிற்று. அசோகர் நம் ஊருக்கு வந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் நம்மைப் பற்றி அவருக்குத் தெரியும். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எல்லோர் பெயரும் இருக்கின்றன. தம் நாட்டில் மட்டுமல்லாமல் இந்த நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததாக அதில் சொல்கிறார்.

‘அசோகர் சாலையின் இருபுறமும் மரங்களை நட்டார்.’ தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். அசோகரைப் பற்றி வேறு எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கும். இது நமக்கு எப்படித் தெரியும் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? விடை டெல்லியில் இருக்கிறது. ஃபிரோஸ் ஷா கோட்லா கோட்டை இடிபாடுகளுக்கு மேலே ஒரு தூண் நிற்கிறது. அரியானாவில் தோப்ரா என்ற ஊரில் நின்றுகொண்டிருந்த அதை, 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் பத்திரமாக இறக்கி, யமுனை வழியே டெல்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் செதுக்கியிருக்கும் ஏழாவது ஆணையில்தான் நிழலுக்காகச் சாலைகளில் ஆலமரம் வைத்தது, மாந்தோப்பு போட்டது, கிணறு வெட்டியது, தங்குமிடம் கட்டியது எல்லாம் வருகிறது. சுல்தானுக்கு அதை வாசித்துக் காட்ட ஒருவராலும் முடியவில்லை. அந்த எழுத்தை நாடே மறந்து போயிருந்தது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்து முடித்த பிறகுதான் தூண்கள் பேசத் தொடங்கின.

வாசித்த பிறகும் சிக்கல் தீரவில்லை. அதுவரை வாசித்த கல்வெட்டுகளில் அசோகர் என்ற பெயர் இல்லை. ‘தேவர்களுக்குப் பிரியமானவர், பியதசி’ என்றே இருந்தது. யார் இந்த அரசர்? துப்பு இலங்கையிலிருந்து வந்தது. அங்கே அரசுப் பணியில் இருந்த ஜார்ஜ் டர்னர், தீபவம்சம் என்ற பழைய பாலி நூலில் அசோகருக்குப் பியதசி என்ற பெயரும் உண்டு என்பதைக் கண்டு சொன்னார். பிறகு 1915-இல் இன்றைய கர்நாடகத்தில், ராய்ச்சூர்ப் பக்கம் மஸ்கி என்ற ஊரில், தங்கம் தேடிப் போன சி. பீடன் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு பாறையில் எழுத்துகளைப் பார்த்தார். அதில் அசோகர் என்ற பெயர் வெளிப்படையாகவே இருந்தது. இலங்கை நூல் சொன்னது சரிதான் என்று அப்போது உறுதியானது.

இதே இலங்கை நூல் மரபுதான் அசோகர் தம் சகோதரர்கள் 99 பேரைக் கொன்று அரியணை ஏறினார் என்றும் சொல்கிறது. அவருடைய ஐந்தாம் பாறைக் கல்வெட்டிலோ, சகோதரர், சகோதரிகளின் அந்தப்புரங்களைக் கவனித்துக்கொள்ளவும் அதிகாரிகள் இருப்பதாக வருகிறது. அத்தனை சகோதரர்களையும் கொன்றுவிட்டவருக்கு அவர்கள் வீடுகளைக் கவனிக்க அதிகாரி எதற்கு? பெயர் விஷயத்தில் நம்மைச் சரியான வழியில் கொண்டுபோன அதே மரபு, 99 பேர் விஷயத்தில் கதை கட்டியிருக்கலாம். கொடுமைக்காரராக இருந்தவர் புத்தரின் வழிக்கு வந்து நல்லவரானார் என்று காட்ட, முதல் பாதியைக் கறுப்பாகத் தீட்ட வேண்டியிருந்திருக்கும். ஒரே மரபில் ஒன்று தேறுகிறது, இன்னொன்று தேறவில்லை. மொத்தப் புத்தகத்துக்கும் ஒரு டிக் போட்டுவிட்டுப் போக முடியாது என்று அந்தச் சிறுமி தயங்கியதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

சரி, கல்வெட்டு என்றால் அப்படியே நம்பலாமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதையும் பேசலாம். பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் சொல்லி அசோகர் வருந்துகிறார். அந்த வருத்தத்தைப் பல ஊர்களில் செதுக்கச் செய்தவர், கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜவுகடா பாறைகளில் அதைச் செதுக்கவில்லை. அங்கே வேறு ஆணைகள் இருக்கின்றன. அடிபட்ட மக்கள் முன்னால் அதை ஏன் சொல்லவில்லை? கல்வெட்டும் ஒருவர் எழுதியதுதான், தாம் சொல்ல விரும்பியதைத்தான் எழுதியிருக்கிறார். இதைப் புரிந்துகொள்ளும் பிள்ளை நாளைக்குச் செய்தித்தாளையும் விளம்பரத்தையும் சரியாக வாசிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மந்திரியோடு அசோகர் பேசிய பேச்சுக்கு வருகிறேன். அதைக் கேட்டு எழுதியவர் யாரும் இல்லை. படப் புத்தகத்தை எழுதியவர் கற்பனை செய்தது அது. போர், வருத்தம், மரம் எல்லாம் கல்லில் இருப்பவை. பேச்சு, முகபாவம், குதிரையின் நிறம் இவை எழுத்தாளரும் ஓவியரும் கொடுத்தவை. அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும். பாரதியார், காந்தி, ஜான்சி ராணி என்று நம் பிள்ளைகள் வாசிக்கும் வரலாற்றுப் படக்கதைகள் முக்கால்வாசி அந்த மூன்றாவது கட்டத்துக்குள்தான் வரும். பெரியவர்களுக்கும் இதில் தடுமாற்றம் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த 2022-இல் வந்தியத்தேவனோடு நந்தினியும் பூங்குழலியும் நிஜமாக வாழ்ந்தவர்கள் என்றே பலர் பேசினார்கள். வந்தியத்தேவர் பெயர் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறது. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் மனத்தில் பிறந்தவர்கள். அவர்கள் இல்லாமல் நாவல் உயிரோடு இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பாரதியார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி யானை அடித்து அவர் இறந்துவிட்டார் என்று எத்தனையோ பிள்ளைகள் மேடையில் ஒப்பிக்கிறார்கள். பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை, அன்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். பாரதி தேறி எழுந்தார், சுதேசமித்திரன் வேலைக்குப் போனார், 1921 ஜூலைக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசினார். அதன் பிறகு வயிற்று நோய் கண்டு, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து காலமானார். யானையோடு முடித்தால் கேட்பவர் மனம் கலங்கும், அதனால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. இப்படி வசதிக்காக வெட்டிய வாழ்க்கை வரலாறுகள் ‘தகவல்’ அலமாரியில் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் இதழையும் சேர்த்தே சொல்கிறேன்.

தகவல் புத்தகத்துக்கு வயதும் ஆகும். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பொது அறிவு நூலில் கோள்கள் ஒன்பது என்று இருந்தால், அது 2006-க்கு முன் அச்சானது. அந்த ஆண்டுதான் வானியலாளர்கள் கூடிப் புளூட்டோவைக் குறுங்கோள் என்று தனியே வைத்தார்கள். ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறது என்று இன்னும் அச்சிடுகிறார்கள், திமிலில் இருப்பது கொழுப்பு. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்கிறார்கள். 2003-இல் விண்வெளிக்குப் போன சீனரான யாங் லீவெய், பூமியைச் சுற்றும் உயரத்திலிருந்தே தம் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று வந்து சொன்னார். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுங்கள். தகவல் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டைக்கு அடுத்து, ‘முதற்பதிப்பு’ என்று ஆண்டு போட்டிருக்கும் பக்கத்தை முதலில் பார்க்கட்டும். யார் எழுதியது, எப்போது எழுதியது. இரண்டே வரிதான். வேதாளக் கதைக்கு இந்தத் தொல்லை இல்லை. சோமதேவர் காஷ்மீரத்தில் 11-ஆம் நூற்றாண்டில் எழுதியபோது எப்படி இருந்ததோ, இன்றைக்கும் வேதாளம் தொங்கும் அந்த மரம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அந்த வேதாளம் நமக்குப் பக்கத்துத் தெருக்காரர். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமா, பல்லாண்டுகள் வடபழனியிலிருந்துதான் வந்தது. தோளில் உடலைச் சுமந்து, கையில் உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தார். 2020-இல் அவர் மறைந்த பிறகு பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இருட்டில் மரத்தடியில் நடக்கும்போது இன்றும் ஒரு சிலிர்ப்பு வரும். வேதாளம் இருக்கிறதா என்று நாம் அன்றைக்குக் கேட்கவே இல்லை. அது கடைசியில் கேட்கும் கேள்வியில் மாட்டிக்கொண்டோம். யார் செய்தது நியாயம்? தவறு யார் மேல்? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஒன்பது வயதில் அடுத்த மனிதரின் இடத்தில் நின்று நியாயம் யோசிக்க வைக்கும் வேலையை எந்தப் பொது அறிவுப் புத்தகமும் எனக்குச் செய்ததில்லை. அதனால்தான் கதையைப் பொய் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பொய் சொல்கிறவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார். கதை சொல்கிறவர் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று சொல்லி முன்கூட்டியே நம்மிடம் அனுமதி வாங்கிக்கொள்கிறார்.

இரண்டையும் ஒரே கையால் எழுதியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். பூந்தளிரின் ஆசிரியராக இருந்த வாண்டுமாமா மாயாஜாலக் கதைகளும் எழுதினார், அதே அக்கறையோடு அறிவியல் நூல்களும் எழுதினார். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் ‘நம் நதிகள்’ எழுதியிருக்கிறார். பெரியசாமித் தூரன் ஒருபக்கம் கீர்த்தனைகள் இயற்றிக்கொண்டே பத்துத் தொகுதியில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987 முதல் வருகிறது. இப்போது அரசுப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், மேல் வகுப்புகளுக்குத் தேன்சிட்டு என்று இதழ்களே வருகின்றன. வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையாகப் பிரித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. வாசிக்கக் கிடைப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு இன்று பஞ்சமில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். மயிலாப்பூர் கோயிலில் புன்னை மரத்தடியில் மயிலாக வந்து அம்பாள் பூஜை செய்ததைக் காட்டினால், “இது கதையா, நெஜமா?” என்று பிள்ளை கேட்கிறது. அதட்ட வேண்டாம். “இது நம்ம பெரியவங்க நம்பிக்கையோட பல தலைமுறையா சொல்லிட்டு வர்றதுடா கண்ணா” என்று சொல்லுங்கள். அது நேர்மையான பதில், பிள்ளைக்கும் புரியும். நூலகத் துறையில் உலகெங்கும் புழங்கும் டூயி பகுப்பு முறையிலும் நாட்டார் கதைகளை நாவல்களோடு வைப்பதில்லை. 398.2 என்று எண் கொடுத்துச் சமூக அறிவியல் பக்கம் வைக்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டம் எதைச் சொல்லிக்கொண்டு வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வீட்டில் செய்துபார்க்க நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரே பொருளில் இரண்டு புத்தகம் எடுங்கள், ஒன்று கதை, ஒன்று தகவல். யானை, நிலா, ரயில், எதுவானாலும் சரி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு மதியம் உட்கார்ந்தால் இப்படிப் பத்து ஜோடி தேறும். இரண்டையும் சேர்ந்து வாசித்துவிட்டு, பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். இதில் யாரோ பார்த்தது எது, அளந்தது எது, கேள்விப்பட்டது எது, கற்பனை செய்தது எது? நான்கும் இரண்டு புத்தகத்திலும் கலந்தே கிடைக்கும். அளவு மட்டும்தான் மாறும். தவறாக எழுதினால் உடனே திருத்தாதீர்கள். ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் அவர்கள் சொல்லும் காரணம் நம் விடையைவிட நன்றாக இருக்கும். வாட்ஸ்அப்பில் உறவினர் அனுப்பும் வீடியோவையும் இதே தாளில் வைத்துப் பார்க்கலாம். இதில் தாத்தா பாட்டிக்கும் பங்கு உண்டு.

அடுத்த இதழில் இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். எந்தப் புத்தகத்தையாவது வாசித்துவிட்டு, ‘இது இவங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றினால், அதைத் தன் கையாலேயே எழுதி அனுப்பட்டும். புத்தகத்தின் பெயர், பக்க எண், கேள்வி, இந்த மூன்றும் இருந்தால் போதும். எழுத்துப் பிழையை நீங்கள் திருத்தி அனுப்ப வேண்டாம், அப்படியே வரட்டும். கதைப் புத்தகத்தைப் பற்றிய கேள்விகளை முடிந்தவரை அதை எழுதியவர்களிடமே கொண்டுபோய்க் கேட்டு வருகிறோம். தகவல் புத்தகத்தைப் பற்றியவற்றுக்கு நூலகத்தில் தேடி, எந்த நூலில் எந்தப் பக்கத்தில் விடை கிடைத்தது என்பதையும் சேர்த்தே அச்சிடுவோம். ஜூன் 25-க்குள் கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்